எம்மவ நெஞ்சுல என்ன இருக்கு

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ தாயி. எனக்கு எதுத்தாப்புல காத்து அடிச்சா காது குடையும். இந்தக் கவர் மேல மட்டும் முழங்கை படாம பாத்துக்கோ. ஸ்கேன் எடுத்த சீட்டு இருக்கு உள்ள. எனக்கில்ல. எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன். எம்மவளுக்கு எடுத்தது. நெஞ்சுல.

நீ படிக்கியா, வேலைக்குப் போறியா? வேலையா. நல்லாரு. எம்மவளுக்கும் உன் வயசுதான் இருக்கும். இருபத்தொண்ணு முடியப் போகுது. மாரிக்கனினு பேரு. கோவில்பட்டிப் பக்கம் நாங்க. நான் தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கேன். அவுக அப்பா லாரி ஓட்டுறாக, மாசத்துல பத்து நாளு வீட்ல இருந்தா அதிசயம். ஆக, பிள்ளைய வளத்தது நான். ஒத்தப் பிள்ளை. அந்த ஒத்தப் பிள்ளை பெத்த தாயோட பேசி ஒன்றரை வருசமாச்சு.

நான் என்ன தப்புச் செஞ்சேன்னு கேட்டுட்டு நீயே சொல்லு.

எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஹாக்கின்னா உசுரு. இவ ஆறாப்புல மட்டையத் தொட்டா. ஓட்டம்னா அப்படி ஓட்டம். பந்து இவகிட்ட வந்துட்டா மைதானத்துல நிக்கிறவுக எல்லாம் கால் விரல்ல எக்கிப் பாப்பாக. ஜெபராஜ் சார்னு அவ படிச்ச பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், அவுகதான் சொல்லிக் குடுத்தாக. நல்ல மனுசர்தான். இல்லைங்கல. ஆனா அவுகளுக்கு மைதானத்துல ஓடுற பிள்ளைதான் பிள்ளை. வீட்ல இருக்கிற தாய் என்ன பாடுபடுறாங்கிறது தெரியாது.

பிளஸ் டூ படிக்கும்போது மாநில அணிக்கு ஒரு முகாம்னு எடுத்தாக. போறதுக்கு முந்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் நெஞ்சுல எக்கோ எடுத்துப் பாக்கணும்னாக. பதினாறு பிள்ளை போச்சு. பதினஞ்சு பிள்ளைய அனுப்பிட்டு இவளை மட்டும் இருக்கச் சொன்னாக. என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி ஆள் விட்டாக. பசை ஒட்டின கையோட ஓடினேன்.

அந்த டாக்டர் திரையக் காட்டுறாக. கறுப்பும் வெள்ளையுமா ஏதோ துடிக்குது. "பயப்படாதீங்கம்மா. இடது பக்க அறையில உள்சுவரு நார்நாரா, பஞ்சு மாதிரி தெரியுது. சில பேருக்கு அமைப்பே அப்படித்தான் இருக்கும். எதுக்கும் மதுரையில பெரிய ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் விளையாட வேணாம்"னாக. அதுக்கப்புறம் அவுக நெறைய பேசுனாக. எதுவும் என் காதுல விழல. பஞ்சு. அது ஒண்ணுதான் விழுந்துச்சு.

சீட்டுல பேரு எழுதிக் குடுத்தாக. நான் கம்பேக்சன். இங்கிலீசு தெரியாட்டியும் அது எனக்கு மனப்பாடம். 'நான்'னா நம்ம நான் இல்லையாம், 'இல்ல'ங்கிறதாம். இறுகாததுன்னு அர்த்தமாம். மருந்துக்கடைத் தம்பிகிட்டக் காட்டிக் கேட்டேன். நாலு கடையில கேட்டேன்.

நீ கேப்ப, இதுக்கு ஏன் இவ்வளவு பயம்னு. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் தாயி. அய்யாத்துரைனு பேரு. பத்தொம்பது வயசு. கபடி ஆடுவான். கோயில் கொடை முடிஞ்ச மறுநாள் பந்தயத்துல பாடிக்கிட்டே போனான். கோட்டைத் தாண்டி நாலு எட்டு வச்சான். விழுந்தான். யாரும் தொடக்கூட இல்ல. எதுத்த ஊர்க்காரன் சிரிச்சான், வேணும்னு விழுந்துட்டான்னு. நானும் சிரிச்சேன். எனக்குப் பதிமூணு வயசு. அவன் எந்திரிக்கல.

அதுக்கு நாலு நாள் முந்தி அவனுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குது. அம்மாகிட்டச் சொல்லாத, சொன்னா ஆட விடமாட்டான்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினான். கசாயத்தை நான்தான் ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டு போய்க் குடுத்தேன். பந்தயத்தன்னைக்கும் வேர்த்துக்கிட்டுத்தான் கிளம்புனான்.

யாருகிட்டயும் சொன்னதில்ல இதை. அம்மா சாகிறவரைக்கும் செய்வினைன்னு சொல்லிக்கிட்டே செத்தா. நானும் ஆமாம்மா, செய்வினைதாம்மான்னு தலையாட்டினேன். உன்கிட்ட என்னமோ சொல்லிட்டேன். இறங்கிப் போறவதான நீ.

மதுரைக்குப் போனோம். அந்த மிசினு பாத்திருக்கியா? ஒரு குழாய். அதுக்குள்ள பிள்ளைய மல்லாக்கப் படுக்க வச்சுத் தள்ளிட்டாக. ஒரு மணி நேரம். நான் கதவுக்கு வெளிய நிக்கிறேன். உள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரலு, "மூச்சை இழுங்க. நிறுத்துங்க. விடுங்க." திருப்பித் திருப்பி அதேதான். நிறுத்துங்கன்னு சொல்லிட்டு, விடுங்கன்னு சொல்றதுக்குள்ள எனக்கு இங்க மூச்சு முட்டிப்போகும். ஒருதரம் அந்தக் குரலு 'விடுங்க'ன்னு சொல்லவே இல்ல. கதவைத் தட்டிட்டேன். ஒருத்தன் எட்டிப் பாத்துத் திட்டினான்.

ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாக. அன்னைக்கு அவளுக்கு பிராக்டிகல் பரீட்சை. அவுக அப்பா நாக்பூர் லோடு. நான் ஒத்தையிலதான் போனேன்.

டாக்டரம்மா ஒருத்தவுக. சின்ன வயசுதான். உக்கார வச்சு, படம் வரைஞ்சு சொன்னாக. "நெஞ்சோட உள்பக்கம் வீட்டுச் சுவரு பூசுன மாதிரி வழவழன்னு யாருக்குமே இருக்காதும்மா. எல்லாருக்கும் நார்நாராத்தான் இருக்கும். சிலருக்குக் கம்மி, சிலருக்குக் கூட. உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் கூட. நல்லா ஓடுற பிள்ளைகளுக்கு அப்படி வர்றது உண்டு. ரத்தத்தை நல்லா அடிச்சுத் தள்ளுது. தழும்பு இல்ல. துடிப்புல குத்தம் இல்ல. இது நோய் இல்லம்மா, அமைப்பு. நார்மல்."

"அப்ப பஞ்சு?"ன்னேன்.

"பஞ்சு இல்லம்மா. தசைதான்."

அப்புறம் கேட்டாக, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு செத்திருக்காகளான்னு. அண்ணனைச் சொன்னேன். உடனே பேனாவை எடுத்துட்டாக. "விழுறதுக்கு முந்தி காய்ச்சல், கீய்ச்சல் ஏதாவது இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சலோட ஆடினா சில சமயம் அதுவே நெஞ்சைத் தாக்கிரும்."

இல்லைன்னேன்.

ஏன் தாயி அப்படிப் பாக்குறே? முப்பது வருசத்துக்கு முந்தின காய்ச்சலு. அதைச் சொல்லி இப்ப என்ன ஆகப்போகுது?

"அப்ப எதுக்கும் வருசத்துக்கு ஒருதரம் பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. நீங்களும் ஒரு எக்கோ எடுத்துக்கோங்க, உங்க கூடப் பொறந்தவர்தான"ன்னாக. "விளையாடலாம். தாராளமா விளையாடலாம்"னாக. எனக்கு எதுக்கு எக்கோ? நான் என்ன ஓடவா போறேன்?

பஸ்ல வரும்போது எனக்கு ஒரே யோசனை. நோய் இல்லைன்னா எதுக்கு வருசா வருசம் வரணும்? எதையோ மறைக்கிறாகன்னு தோணுச்சு. சின்ன வயசு டாக்டர், தாய் மனசு நோகக் கூடாதுன்னு பூசி மெழுகுறாக. இன்னொண்ணும் சொல்றேன். முதல்ல பஞ்சுன்னு சொன்னாகல்ல, அன்னைக்கு அழுதேன், இல்லைங்கல. ஆனா அழுது முடிச்சதும் நெஞ்சுல இருந்து ஒரு பாரம் இறங்குன மாதிரி இருந்துச்சு. அப்ப அண்ணனுக்கும் இதுதான இருந்திருக்கும்? பிறவியிலேயே இருந்திருக்கும். யாரு என்ன செஞ்சிருக்க முடியும்? காய்ச்சல் ஒரு காரணமே இல்ல. முப்பது வருசத்துல அன்னைக்குத்தான் எனக்குச் சோறு ருசிச்சுச்சு. அதைப் போய் இந்த டாக்டரம்மா இல்லைங்கிறாக.

வீட்டுக்கு வந்தேன். பரீட்சை முடிஞ்சு வாசல்ல நிக்கிறா. முகமெல்லாம் கண்ணு.

"என்னம்மா சொன்னாக?"

நான் பொய் சொல்லல தாயி. எங்கம்மா மேல சத்தியமா ஒரு பொய் சொல்லல. "வருசா வருசம் வந்து காட்டச் சொன்னாகம்மா"ன்னேன். நிசம்தான?

"ஓடலாமாம்மா?"

"நீயே யோசிச்சுப் பாரு"ன்னேன்.

மிச்சத்தை அவளே புரிஞ்சுக்கிட்டா. உள்ள போயி மட்டையைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. மதுரைச் சீட்டை நான் பொட்டியில, கலியாணச் சேலைக்கு அடியில வச்சேன். ஜெபராஜ் சார் வந்தாக. முதல் சீட்டைக் காட்டுனேன். படிச்சுட்டு, "பெரிய ஸ்கேன் எடுத்தீங்களாம்மா?"ன்னாக. "எடுத்தோம் சார், அதுக்கப்புறம் என்ன கேக்க வேண்டியிருக்கு"ன்னு முந்தானைய வாயில வச்சேன். அவுகளும் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டாக.

அப்புறம் ரெண்டு வருசம். சொல்லப் போனா அந்த ரெண்டு வருசம் மாதிரி நானும் எம்மவளும் ஒட்டுதலா இருந்ததே இல்ல. காலேஜுல சேக்கல. மாடிப்படி இருக்கும்ல? என் கூடவே தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்தா, உக்காந்த எடத்து வேலை. தண்ணிக் குடம் தூக்க விடமாட்டேன். பஸ்ஸை ஓடிப் பிடிக்க விடமாட்டேன். பக்கத்துல பிள்ளைக ஏதாவது சொல்லிச் சிரிச்சா இவ சிரிக்க வாயெடுத்து, சட்டுன்னு நெஞ்சுல கை வச்சு நிறுத்திக்குவா. அப்படி ஒரு அடக்கம். ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுவாளுக, பேச்சித்தாய்க்கு வாச்ச பிள்ளை மாதிரி யாருக்கும் இல்லைன்னு. மணிக்கட்டுல விரலை வச்சு எண்ணிக்கிட்டே இருப்பா. தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே எண்ணுவா. சோறு தின்னும்போது எண்ணுவா.

ஒரு நாள் தலை பின்னி விட்டுக்கிட்டு இருக்கேன். கண்ணாடியில என்னைப் பாத்துக் கேக்கா, "ஏம்மா, நான் எத்தனை வயசு வரைக்கும் இருப்பேன்?"

"அதெல்லாம் நினைக்காத. அம்மா இருக்கேன்ல"ன்னேன்.

அன்னையில இருந்து இன்னும் நல்லா என் பேச்சைக் கேட்டா. வாரத்துல ரெண்டு மூணு நாளு படபடன்னு வருதும்பா, வேர்த்து ஊத்தும், கை நடுங்கும். உள்ளூர் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். எல்லாம் பாத்துட்டு, "இது பயம்மா. பிள்ளை எதையோ நினைச்சுப் பயப்படுது"ன்னாக. பயமாம். நெஞ்சு பூரா பஞ்சை வச்சுக்கிட்டு இருக்கிறவளுக்குப் பயமாம். வெளிய வந்து அவகிட்டச் சொன்னேன், இவுகளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு.

மதுரைக்கா? மறுபடி கூட்டிட்டுப் போகல. எதுக்குப் பிள்ளைய அலைக்கழிக்கணும்? அவுக அப்பாதான் ஊருக்கு வரும்போதெல்லாம், "என்னடி பிள்ளை இப்படி வத்திப் போச்சு"ம்பாக. நோயாளிப் பிள்ளை வத்தாம என்ன செய்யும்?

ஒரு நாள் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பிள்ளைக்கு நிச்சயதார்த்தம்னு கிளம்பிப் போனா. போனது நிச்சயதார்த்தம் இல்ல. பீரோவுல இருந்த முதல் சீட்டை எடுத்துக்கிட்டு ஒத்தையில மதுரைக்குப் போயிருக்கா. சாகப் போற நாளைக் கேட்டுட்டு வரலாம்னு போனேன்னு பின்னால அவுக அப்பாகிட்டச் சொன்னாளாம்.

சாயங்காலம் நாலு மணிக்கு வந்தா. செருப்பைக் கழத்தல. வீட்டுக்குள்ள அப்படியே வந்து நின்னா.

"அம்மா, பொட்டியத் திற."

"எதுக்கு?"

"திற."

நான் திறக்கல. அவளே திறந்தா. சேலைய எடுத்துக் கட்டில்ல வச்சுட்டு, கவரைப் பிரிச்சு, நின்னுக்கிட்டே படிச்சா. ரெண்டு பக்கம். அப்புறம் ஒரு எடத்துல விரலை வச்சு என் முகத்துக்கு நேரா நீட்டுறா.

"இது என்னம்மா?"

"எனக்கு என்ன இங்கிலீசா தெரியும்?"

"டாக்டர் உன்கிட்டத் தமிழ்லதான சொன்னாக?"

உன் நல்லதுக்குத்தாண்டின்னேன். அண்ணன் கதையைச் சொன்னேன். அவ கத்தல தாயி. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கட்டிலுக்கு அடியில இருந்து பழைய ஷூவை எடுத்தா. அடி வாய் பிளந்து கிடக்கு. போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கி நடந்தா. நான் பின்னாலேயே போறேன், ஏ மாரி, ஏ மாரின்னு. பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயி நின்னா. திரும்பி என்னைப் பாத்தா. "எண்ணிக்கோ"ன்னா.

ஓடினா.

ரெண்டு வருசமாப் படி ஏறாத பிள்ளை. ரெண்டாவது சுத்துலயே மூச்சு இரைக்குது, எனக்குக் கேக்குது. நான் வேலிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இப்ப விழுவா. அந்தத் திருப்பத்துல விழுவா. இந்தா, இந்த எட்டுல விழுவா. கண்ணைச் சிமிட்டாம பாத்துக்கிட்டு நிக்கிறேன். நாலு சுத்து. அஞ்சு. நடந்தா, திரும்ப ஓடினா. ஏழு. எட்டு. பத்து.

விழல.

எனக்குச் சந்தோசமா இருந்திருக்கணும்ல? அப்படித்தான நீ நினைக்கிறே? எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. ஏமாந்து போன மாதிரி இருந்துச்சு. அண்ணன் விழுந்தான், இவ ஏன் விழலைன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வந்த உடனே வாயில அடிச்சுக்கிட்டேன்.

கம்பிக்கிட்ட வந்தா. வேர்வை சொட்டுது. என் கையைப் பிடிச்சு இழுத்து அவ நெஞ்சுல வச்சா. "பாரும்மா. நல்லாப் பாரு." கை தெறிச்சிரும் போல அடிக்குது. பெத்த நாள்ல இருந்து அப்படி ஒரு அடி நான் கேட்டதில்ல. பயந்து போயி கையை எடுத்துக்கிட்டேன்.

அதோட சரி. ஜெபராஜ் சார் வீட்டுக்குப் போனா, அவுக சம்சாரம் வச்சுக்கிட்டாக. அப்புறம் ஆஸ்டல். போலீஸு பரீட்சை எழுதினா, ஓட்டத்துல மாவட்டத்துலயே முத ஆளா வந்தாளாம். அவுக அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாக. இப்ப நாலு மாசமா ட்ரெயினிங்ல இருக்கா. போன வாரம் அவுக அப்பா போன்ல போட்டோ காட்டுனாக. காக்கிக் கால்சட்டை, தொப்பி. கன்னம் வச்சிருச்சு. படபடப்பு எல்லாம் போயிருச்சாம்.

"காலையில அஞ்சு கிலோமீட்டர் ஓடுறாளாம்டி"ன்னு சிரிக்கிறாக. எனக்கு அன்னையில இருந்து சோறு இறங்கல. அஞ்சு கிலோமீட்டரு!

அதான் கிளம்பிட்டேன். அவளைப் பாக்கப் போகல தாயி. அவ என்னைப் பாக்க வரமாட்டா, எனக்குத் தெரியும். பெரிய ஆபீசரம்மாவைப் பாக்கப் போறேன். இந்தச் சீட்டைக் காட்டி, இப்படி ஒரு நெஞ்ச வச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளை, மறைச்சுச் சேந்திருக்கா, வீட்டுக்கு அனுப்பிருங்கன்னு காலைப் பிடிக்கப் போறேன். போன் பண்ணிக் கேட்டேன். நேர்ல வாங்கம்மா, பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னாக. வேலை போயிரும்னு சொல்றியா? போகட்டும். உசுரு இருக்கும்ல? என் கூட இருப்பாள்ல?

எந்தச் சீட்டா? முதல் சீட்டுதான். மருந்துக்கடைத் தம்பி அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருந்தான்.

மதுரைச் சீட்டு வீட்ல இருக்கு. அன்னைக்கு அவ கட்டில்லயே போட்டுட்டுப் போயிட்டா. எடுத்து வச்சிருக்கேன். அதைக் கொண்டு வரல. ரெண்டையும் காட்டுனா அவுக குழம்பிருவாக. ஒரு டாக்டர் இருக்கும்பாக, ஒரு டாக்டர் இல்லம்பாக, அவுக எதைன்னு நம்புவாக? இருக்குங்கிறதை நம்புனா யாருக்கு என்ன நட்டம் சொல்லு.

இங்க பாரு, நீ படிச்ச பிள்ளை. இந்த வரிதான? நான் கம்பேக்சன். அதுக்கு முன்னால கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு பாரு, அது கேள்விக்குறியாம். சந்தேகம்னு அர்த்தமாம். சந்தேகமா இருந்தாலும் நோய் நோய்தான? நீ என்ன, என் கையைப் பிடிக்கிறே? விடு தாயி. எறங்குற எடம் வந்துருச்சு போல.

அந்தா, கம்பிவேலி. அதுதான் கிரவுண்டு. பிள்ளைகளை ஓட விட்டிருக்காக பாரு. எத்தனை பிள்ளைக! கொஞ்சம் தலையச் சாய்ச்சுக்கோ, நான் பாக்கணும்.

அந்தா ஓடுறா. முன்னால, எல்லாருக்கும் முன்னால. அவதான். கையைப் பாரு, சின்ன வயசுல இருந்து அவ கையை அப்படித்தான் வீசுவா. யம்மாடி, என்ன வேகமா ஓடுறா. பாத்தியா? பின்னால வர்றவளுக்கும் இவளுக்கும் எவ்வளவு தூரம்! நம்ம பஸ்ஸுக்குச் சமமா வர்றா பாரேன். எம்மவ தாயி. எம்மவ.

விழுந்திருவா.

யய்யா, கண்டக்டரு, எறக்கம் இருக்கு. நிறுத்தச் சொல்லுய்யா. கையை விடும்மா நீ. நிறுத்தச் சொல்லுய்யா, நிறுத்தச் சொல்லு!